பழி கவர்னர் மீது

செபராங் பிறை நெல் வயல்களில் இன்று உழுகிற டிராக்டர்கள் டீசலில் ஓடுபவை; அவற்றில் கார்புரேட்டர் என்ற உறுப்பே கிடையாது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் காவென்ட்ரியில் தயாரான சாம்பல் நிற ஃபெர்கூசன் டிராக்டரின் பெட்ரோல் வகையில் கார்புரேட்டரும் எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரும் கம்பியால் பிணைந்திருந்தன. அந்தப் பிணைப்பில் என்ன கோளாறு வரும், அதை எப்படிப் பிடிப்பது என்று அறிய விரும்புகிறவர் பினாங்கில் வயலுக்குப் போகவேண்டியதில்லை. ஜார்ஜ் டவுனில் சின்ன எஞ்சின்களைப் பழுது பார்க்கும் பட்டறைக்குப் போனால் போதும். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக் கடைக்காரரின் ஜெனரேட்டர், பாலிக் புலாவ் தோட்டக்காரரின் தண்ணீர் பம்பு, இரண்டிலும் அதே ஜோடிதான். கொண்டுவருகிறவர்களின் புகாரும் ஏறக்குறைய ஒன்றே: "அண்ணே, எஞ்சின் ஏறி ஏறி இறங்குது. கவர்னர் போயிடுச்சு போல." இந்தப் புகாரின் முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி பெரும்பாலும் தவறு. அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் இந்தத் தொழில், கூலி அதற்குத்தான் தரவேண்டும் என்பது என் வாதம்.

கவர்னரின் வேலை சிக்கலானதல்ல. எஞ்சினுக்குள் ஒரு பல்சக்கரத்தின் மேல் சிறு எடைகள் சுழல்கின்றன. வேகம் கூடினால் அவை வெளிப்பக்கம் விரிந்து கார்புரேட்டரின் த்ராட்டிலை மூடப் பார்க்கும். வெளியே இருக்கும் ஸ்பிரிங் திறக்கப் பார்க்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் வேகம் நிலைக்கும். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரண்டு துருவ ஜெனரேட்டர் அதைத் தர நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடவேண்டும். பழச்சாறுக் கடையில் மிக்ஸியைத் தட்டியதும் சுமை ஏறி வேகம் சரிகிறது, கவர்னர் த்ராட்டிலைத் திறந்து மீட்கிறது. இப்போது கார்புரேட்டரின் பைலட் ஜெட் பாதி அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். அரை மில்லிமீட்டருக்கும் சின்ன ஓட்டை அது. சுமையில்லாத நேரத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாமல் வேகம் விழுகிறது. கவர்னர் தன் கடமைப்படி த்ராட்டிலைத் திறக்கிறது. உடனே மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோல் பாய்ந்து எஞ்சின் சீறுகிறது. கவர்னர் மூடுகிறது. மறுபடியும் பைலட் ஜெட்டில் பஞ்சம். வெளியிலிருந்து பார்த்தால் ஆடுவது கவர்னரின் கைதான், ஆகவே பழியும் அதன் மேல். கவர்னர் எந்த நிலையில் அடங்கும், எந்த நிலையில் ஆட்டம் போடும் என்று ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868-இலேயே கணக்குப் போட்டுக் கட்டுரை எழுதிவிட்டார். நம் பட்டறைக்காரர் அதைப் படித்திருக்கத் தேவையில்லை. அவருக்குக் காது இருக்கிறது.

என் முதல் சான்று, நல்ல மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கும் முன் செய்யும் சோதனைகள். எஞ்சின் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதே சோக்கை மெல்லப் பாதி இழுக்கிறார். ஆட்டம் அடங்கினால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று மிகுதி. அடுத்து த்ராட்டில் கையை விரல் நுனியால் அசையவிடாமல் பிடிக்கிறார். அப்போதும் எஞ்சின் தடுமாறினாலோ அணையப் பார்த்தாலோ குற்றம் பெட்ரோல் பக்கம். சீராக ஓடினால் கவர்னரை, கம்பியை, ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கலாம். கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்து கேஸ்கெட்டில் கிளீனரைத் துளி அடித்து, சத்தம் மாறுகிறதா என்றும் கேட்கிறார். மாறினால் காற்று அங்கே புகுகிறது. (சூடான சைலன்சர் பக்கத்திலேயே இருக்கிறது, வீட்டில் இதைச் செய்து பார்க்கவேண்டாம்.) இவை முடிந்த பிறகுதான் பத்தாம் நம்பர் ஸ்பேனர் வந்து கார்புரேட்டரின் அடிக்கிண்ணமான பவுல் கழல்கிறது. அடியில் உருண்டு திரியும் தண்ணீர்த் துளி, ஓரத்தில் பழுப்புப் பிசின், அலுமினியத்தின் மேல் வெள்ளைப் பூப்பு. ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். பிரேக் கேபிளிலிருந்து உருவிய ஒற்றை இழையால் குத்துகிறவர்கள் உண்டு. அதை நான் ஏற்கமாட்டேன்: பித்தளை மென்மையானது, எஃகு இழை ஓட்டையை அகலமாக்கிவிடும், பிறகு எஞ்சின் கறுப்புப் புகை கக்கும்.

இந்தக் கோளாறு இங்கே அதிகம் வருவதற்குக் காரணம் ஊரின் பழக்கத்திலும் பருவத்திலும் இருக்கிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்கள். சிறு பந்தல்களில் விளக்குக்கும் பாட்டுக்கும் துணையாக வரும் பெட்ரோல் ஜெனரேட்டர் திருவிழா முடிந்ததும் ஸ்டோரில் ஒரு மூலைக்குப் போகும், பவுலில் இருக்கும் பெட்ரோலோடு. மாதக்கணக்கில் அந்தப் பெட்ரோல் ஆவியாகிப் பிசினை விட்டுச்செல்கிறது. கடலோர ஈரக்காற்றில் டாங்கியின் உள்சுவர் வியர்த்துத் தண்ணீர் இறங்குகிறது; பெட்ரோலைவிடக் கனமானதால் அது அடியில் தங்கி டாங்கியைத் துருப்பிடிக்க வைக்கிறது. அடுத்த ஆண்டு பந்தல் போடும் நேரத்தில்தான் எஞ்சின் ஆடுகிறது. ஓராண்டு சும்மா கிடந்த எஞ்சினில் கவர்னர் தேய வழியே இல்லை என்பதைப் புகார் சொல்கிறவர் யோசிப்பதில்லை.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லப்படுவது: சீனாவில் தயாராகும் பிரதி கார்புரேட்டர் மலிவாகக் கிடைக்கிறது, அரை நாள் உட்கார்ந்து கழுவும் கூலிக்குப் புதிதையே மாட்டிவிடலாமே. பாதி நியாயம். த்ராட்டில் தண்டு நுழையும் துளை தேய்ந்து காற்று கசிகிற கார்புரேட்டரைக் கழுவிப் பயனில்லை, மாற்றுவதுதான் வழி. ஆனால் டாங்கியில் துரு இருக்கும்வரை புதியதும் சீக்கிரமே அடைக்கும். கேஸ்கெட் கசிந்தால் புதியது மாட்டிய அன்றைக்கே ஆடும். எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிட்ட பிறகு எது காரணம் என்று கண்டுபிடிக்கச் சாட்சியே மிஞ்சுவதில்லை. நேரமில்லை என்பதும் நிற்காது. மேலே சொன்ன சோதனைகளுக்குச் சில நிமிடங்கள் போதும். இன்வர்டர் ஜெனரேட்டர் வந்தபின் இந்த வித்தை எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அதில் த்ராட்டிலை அசைப்பது ஸ்டெப்பர் மோட்டார், ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இருக்கிறது, அதன் பைலட் ஜெட்டும் அப்படியேதான் அடைக்கிறது.

கவர்னர் கெடுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. உள்ளே நைலான் பல்சக்கரம் உடைந்தால் எஞ்சின் ஆடுவதில்லை, கட்டில்லாமல் வெறிகொண்டு ஓடுகிறது. உடனே நிறுத்தாவிட்டால் கனெக்டிங் ராடு முறியும். கம்பியோடு ஓடும் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று உண்டு, முன்பு யாரோ கழற்றியபோது தொலைத்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் கம்பியில் இளக்கம் வந்து ஆட்டம் தொடங்கும். ஆனால் மோசமானவை மனிதர் கை வைத்த கவர்னர்கள்தான். ஜெட் அடைப்பைப் பார்க்காமல் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி வேகத்தை ஏற்றிவிட்டால் ஆட்டம் குறைந்த மாதிரி தெரியும். 3,000 சுற்று எங்கேயோ போயிருக்கும், மின்சாரத்தின் ஹெர்ட்ஸும் கூடவே போயிருக்கும். அதைத் திருத்த ஸ்பிரிங்கின் இழுப்பைக் குறைத்து வேகத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரவேண்டும். கையின் பொருத்தமும் மாறியிருந்தால் கவர்னர் கையின் நட்டைத் தளர்த்தி, த்ராட்டில் முழுக்கத் திறக்கும்படி கையைத் தள்ளி, தண்டையும் அதே திசையில் முட்டும்வரை திருப்பி, நட்டை இறுக்கவேண்டும். திசை மாறினால் கவர்னரே இல்லாத நிலைதான்.

பட்டறை பில்லில் ஜெட், கேஸ்கெட், கார்புரேட்டர் என்று சாமான்களைத்தான் வரி வரியாக எழுதுகிறார்கள். சோக்கைப் பாதி இழுத்துக் காது கொடுத்த நிமிடத்துக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. சாமான் விற்றால்தான் வெள்ளி என்றால், நல்ல மெக்கானிக்கும் நாளடைவில் கழற்றி மாட்டுகிறவராகத்தான் ஆவார். சோதனைக்கென்று தனிக் கூலி வைத்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், உண்மைதான். பழுதை அங்கேயே பார்க்கச் சொன்னால் அதைக் கழித்துக்கொள்வதாகச் சொல்லலாம். சொல்லாமல் எடுத்துப்போனாலும் என்ன கோளாறு என்று தெரிந்துகொண்டுதான் போகிறார், அதற்குரிய கூலியைத் தருவதில் அவருக்கு நஷ்டமில்லை.