ஒருத்தரால் முடிக்க ஏலாத விளையாட்டு

போக்கிமொன் என்றால் எங்கட வயசுக்காரருக்கு முதலில் ஞாபகம் வருவது ரிவியில் பார்த்த மஞ்சள் பிக்காச்சுதான். ஆனால் கார்ட்டூனுக்கு முதலே அது ஒரு வீடியோ கேம். 1996 பெப்ரவரியில் யப்பானில் கேம்போய்க்கு வந்தது. சிவப்பு, பச்சை என்று இரண்டு கசட். கதையும் ஒன்று, விளையாடும் முறையும் ஒன்று. பிறகேன் இரண்டு?

முதலில் விளையாடும் விதத்தைச் சொல்லிவிடுகிறோம். தொடக்கத்தில் பேராசிரியர் ஒருவர் மூன்று குட்டிகளைக் காட்டி ஒன்றை எடுக்கச் சொல்லுவார். நீர் நெருப்பை வெல்லும், நெருப்பு புல்லை வெல்லும், புல் நீரை வெல்லும். பிறகு ஊர் ஊராக நடக்க வேணும். உயர்ந்த புல்லுக்குள் போனால் காட்டுப் போக்கிமொன் பாயும். அதைப் பிடிக்க அடிக்கவும் வேணும், அடித்து விழுத்தவும் கூடாது. உயிர் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது, முடிந்தால் நித்திரையாக்கிவிட்டு, பந்தை எறிய வேணும். கூடவே ஆறு போக்கிமொனைத்தான் கொண்டு திரியலாம், ஒவ்வொன்றுக்கும் நாலு வித்தைதான். எட்டு ஜிம் தலைவர்களை வென்று எட்டு பட்ஜ் எடுத்தால் கடைசிச் சண்டைகளுக்குப் போகலாம்.

இவ்வளவும் தனியாகச் செய்யலாம். ஆனால் பேராசிரியர் தரும் பதிவேட்டை நிரப்புவது தனியாக நடக்காது. நாங்கள் விளையாடுவது 2004இல் வந்த மறுபதிப்புகள். அதில் ஃபயர் ரெட்டில் குரோலித் என்ற நாய் இருக்கு, லீஃப் கிரீனில் இல்லை. லீஃப் கிரீனில் வல்பிக்ஸ் என்ற நரி இருக்கு, ஃபயர் ரெட்டில் இல்லை. கடாப்ரா, ஹோன்டர் போன்றவை எவ்வளவு பழக்கினாலும் கடைசி உருவத்துக்கு மாறாது, இன்னொருத்தரிடம் கொடுத்தால்தான் மாறும். இதை உருவாக்கிய சடோஷி தஜிரி, சின்ன வயதில் டோக்கியோவின் மச்சிடா பகுதியில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். பிறகு அந்த இடங்கள் கட்டடங்களாகிவிட்டன. இரண்டு கேம்போய்களை இணைக்கும் வயரைப் பார்த்தபோது, அதற்குள்ளால் பூச்சி ஊர்ந்து போவதுபோல் அவருக்குத் தோன்றியதாம்.

ஏ.எல். இசட் ஸ்கோரோடு வளர்ந்த எங்களுக்கு, பக்கத்தில் இருக்கிறவன் முன்னுக்குப் போனால் நாங்கள் பின்னுக்கு என்பதுதான் கணக்கு. இங்கே அந்தக் கணக்கு சரிவராது. அவனிடம் இல்லாதது எங்களுக்கும் வராது.

போர்டிங்கில் நாங்கள் நாலு பேர். இரண்டு பழைய கேம்போய் அட்வான்ஸ், ஒரு வயர். ஒன்று ஒருத்தனுக்கு மாமா கனடாவில் இருந்து கொண்டுவந்தது, ஃபயர் ரெட். மற்றது மூன்று பேர் காசு போட்டு வாங்கின லீஃப் கிரீன். ஃபயர் ரெட்காரன் இரண்டாம் வருஷத்தோட படிப்பை விட்டுட்டு பிரான்சுக்குப் போனான். போக முதல் தன்ர குரோலித்தை எங்களுக்கு மாற்றித் தந்தான். பெயர் ஜிம்மி. ஊரில் பாதி நாய்க்கு அந்தப் பெயர்தானே.

மாறி வந்த போக்கிமொனுக்குச் சில சட்டம் இருக்கு. முதல் வளர்த்தவரின் பெயர் அதன் விவரப் பக்கத்தில் அப்படியே நிற்கும். ஏழு எழுத்துக்கு மேல் அடிக்க ஏலாததால் எங்கட சிநேகிதன்ர பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நிற்குது. வைத்த பட்டப்பெயரைப் புது ஆள் மாற்ற ஏலாது. அனுபவப் புள்ளி ஒன்றரை மடங்கு கிடைக்கும், கெதியாக வளரும். ஆனால் அது பெரிய லெவலாக இருந்து, உங்களிடம் பட்ஜ் குறைவென்றால் சொல் கேட்காது. சண்டைக்கு நடுவில் நித்திரை கொள்ளும். நாங்கள் அப்போதுதான் புதிதாகத் தொடங்கியிருந்தோம். ஜிம்மி முதல் இரண்டு கிழமையும் நித்திரைதான். "அவன்ர நாய், அவனை மாதிரித்தான்" என்று சிரித்தோம்.

இப்போது ஒரு ஜூனியர் பெடியன் தன்ர லீஃப் கிரீனோட வந்திருக்கிறான். ஜிம்மியைத் தந்தால் தான் முதன்முதலில் எடுத்த ஸ்குவர்ட்டிலைத் தருவானாம். எங்கள் மூன்று பேருக்குள் இரண்டு கருத்து. "அது அவன்ர ஞாபகம், குடுக்கேலாது" என்கிறான் ஒருத்தன். கேமுக்குள் இருக்கிற பெட்டியில் பூட்டி வைத்தால் அது பதிவேட்டில் ஒரு வரி மட்டும்தானே என்கிறோம் மற்ற இரண்டு பேரும். வயருக்குள்ளால் போனால், முகம் தெரியாத அந்தப் பெடியனும் வெட்டுப்பட்ட அந்தப் பெயரை வாசிப்பான்.

பிரான்சுக்கு வட்ஸ்அப்பில் கேட்டோம். பதில் அடுத்த நாள்தான் வந்தது.

"குடுங்கோடா. ஆனா முதல் அவனிட்ட எத்தனை பட்ஜ் இருக்கெண்டு பாருங்கோ."