ஊத்த ஏறும் வழி

மலையாளத்தில் ‘ஊத்த’ என்றொரு சொல் உண்டு. தென்மேற்குப் பருவமழையின் முதல் வெள்ளத்தில், ஆற்றிலும் காயலிலும் வாழும் மீன்கள் முட்டையிடுவதற்காக நீரோட்டத்தை எதிர்த்து ஓடைகளுக்கும் வயல்களுக்கும் ஏறிவருவதை அது குறிக்கிறது. ஆற்றுவாளையும் விராலும் சிறு கெண்டைகளும் ஏறும் அந்தச் சில நாட்களில், விளக்கும் வலையுமாக ஊரே வரப்பில் நிற்பது பழைய வழக்கம்.

முட்டை சுமந்து வரும் மீனைப் பிடிப்பது அடுத்த தலைமுறையை அழிப்பதாகும். ஆகவே கேரளத்தின் 2010ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் ஊத்த பிடித்தல் தடைசெய்யப்பட்டுள்ளது. தடை நியாயமானதே. ஆனால் வலையோடு நிற்பவரைக் காணும் கண்ணுக்கு, சாலைக்கு அடியில் கிடக்கும் சிமெண்டுக் குழாய் தென்படுவதில்லை.

ஓடையின் குறுக்கே சாலை அமைக்கும்போது முதன்மையாகக் கேட்கப்படும் கேள்வி, பெருமழை நீர் முழுவதும் கீழே இறங்கிவிடுமா என்பதே. மேலே ஏற வேண்டிய உயிர்கள் கணக்கில் வருவது அரிது. அகன்ற ஓடை குறுகிய குழாய்க்குள் நெருக்கப்படும்போது நீரின் வேகம் கூடுகிறது. வழுவழுப்பான உட்புறத்தில் மீன் ஒதுங்கி இளைப்பாற ஒரு கல்லும் இல்லை. வெளிவாயில் விழும் நீர் ஆண்டுதோறும் மண்ணை அரிக்க, குழாயின் முனை அந்தரத்தில் நிற்கிறது. தாவ இயலாத சிறுமீனுக்கு ஒரு சாண் உயரமும் மதில்தான்.

தீர்வு அறியப்படாததன்று. ஓடையின் இயல்பான அகலத்தைவிடச் சற்றே அகன்ற திறப்பு வேண்டும். சரிவு ஓடையின் சரிவாகவே இருக்க வேண்டும். சிறுபாலத்தின் அடித்தளத்தைப் படுகைக்குக் கீழே புதைத்து, அதன்மேல் கல்லும் மணலும் பரப்ப வேண்டும். பாலத்தின் அடியிலும் ஓடை ஓடையாகவே தொடர வேண்டும் என்பதே இதன் சாரம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இச்சிக்கல் நீதிமன்றம் ஏறியது. 1854-55 உடன்படிக்கைகள் உறுதிசெய்த மீன்பிடி உரிமையை முன்வைத்து 21 பழங்குடிகள் வழக்காடின. ஏறிவர மீனுக்கு வழியில்லையெனில், பிடிக்கும் உரிமைக்குப் பொருள் ஏது என்பதே வழக்கின் மையம். சால்மனைத் தடுக்கும் சிறுபாலங்களை மாநில அரசு திருத்த வேண்டும் என்ற 2013ஆம் ஆண்டு ஆணை, 2018இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 4-4 எனப் பிரிந்ததால் நிலைத்தது.

கேரளத்து ஓடைகளுக்கு அத்தகைய உடன்படிக்கை இல்லை. மக்களின் நாவில் ஒரு சொல் இருக்கிறது. மீன் ஏறாத ஊரில் வளரும் குழந்தைக்கு அச்சொல் அகராதியில் மட்டுமே எஞ்சும். அடுத்த முறை குழாயின் விட்டத்தைக் கணக்கிடுபவர், ஓடையோரம் வாழ்பவரிடம் ஒன்று கேட்கலாம்: இவ்வழியே ஊத்த ஏறுமா?