பாலாற்றங்கரைப் பன்றியும் பாலக்காட்டுப் பயணமும்

ஜனவரி 4, 2025, சனி

வாலாஜாபாத் பக்கத்திலிருந்து மைத்துனன் வந்திருந்தான். தை முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய வனசிங்காரச் சேலை தறியில் இருக்கிறது. உடல் முழுக்க மானும் யானையும் மயிலும். நான் தறிக்குழியை விட்டு எழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தபடியே சொன்னான்: "மாமா, பொங்கல் கழிஞ்சதும் பாலக்காடு போறோம். காட்டுப்பன்றி வேட்டை. கேரளாவுல சுடலாம்னு சட்டமே போட்டுட்டாங்க. நீங்களும் வாங்க."

கூட வருகிற நண்பர்களில் ஒருவரிடம் துப்பாக்கி உரிமம் இருக்கிறதாம். வாடகைக் கார், தங்க ஒரு தோட்டத்து வீடு, இறைச்சி கொண்டுவர ஐஸ் பெட்டி என எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். சட்டத்தை மட்டும் என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னான். முன்பணம் கொடுத்துவிடாதே என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஜனவரி 7, செவ்வாய்

இரவு தறி நிறுத்திய பிறகு படித்தேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல் திருத்தியபோது காட்டுப்பன்றியை இரண்டாம் அட்டவணையில் வைத்தார்கள். அனுமதியில்லாமல் கொன்றால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

கேரளம் 2022இல் செய்தது வேறு. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தார்கள். சுடுகிறவர் உரிமம் உள்ளவராக, அதற்கென்று அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும். விஷம், வெடி, மின்சாரம் மூன்றும் கூடாது. சுட்ட பன்றியைப் புதைத்துவிட வேண்டும், தின்ன முடியாது. ஐஸ் பெட்டிக்கு அங்கே வேலையே இல்லை. பீகாரிலும் உத்தராகண்டிலும் சில காலம் காட்டுப்பன்றியைத் தீங்குயிர் என்று அறிவித்திருந்தார்கள். அதுவும் குறிப்பிட்ட பகுதிக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு. பொழுதுபோக்குக்காகக் காரில் போய்ச் சுட்டுவிட்டு வருவதற்கு இந்த நாட்டில் எங்கேயும் சட்டத்தில் இடமில்லை. துப்பாக்கி உரிமத்திலும் அது எந்த எல்லைக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும். வேறு மாநிலத்துக்கு எடுத்துப் போகுமுன் அந்த நண்பர் அதைப் பார்த்தாரா?

ஜனவரி 12, ஞாயிறு

தமிழ்நாட்டிலும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதிக்கப் போவதாகச் சட்டமன்றத்தில் வனத்துறை அமைச்சர் அறிவித்திருக்கிறார். காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் வனத்துறையினரே சுடுவார்கள். செய்தியைப் படித்ததும் மைத்துனன் நிலத்துக்குப் புறப்பட்டேன்.

பாலாற்று மணலில் சீமைக்கருவேலம் புதராக மண்டிக் கிடக்கிறது. பகலெல்லாம் பன்றிகள் அதற்குள் படுத்திருக்கும். அறுப்புக்கு நின்ற சம்பா நெல், பாய் விரித்த மாதிரி ஒரு மூலையில் படுத்துக் கிடந்தது. தின்றது கொஞ்சம், உழப்பியது அதிகம். அடுத்த கழனியில் புதிதாக ஊன்றிய வேர்க்கடலையை ஒரு சால் விடாமல் மூக்கால் கிளறி, விதையைத் தின்றுவிட்டுப் போயிருக்கின்றன. ஈரமண்ணில் இரட்டைக் குளம்புத் தடம். வரப்பைச் சுற்றி என் மாமியாரின் பழைய நூல்சேலைகளைக் கொம்பு நட்டுக் கட்டியிருந்தான். சில நாள் பயந்த பன்றிகள் இப்போது சேலைக்கு அடியிலேயே நுழைகின்றன. அவன் கோபம் நியாயமானது. ஒரு போகத்து உழைப்பு ஒரே ராத்திரியில் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்?

பக்கத்து நிலத்துக்காரர் அவுட்டுக்காய் என்னும் நாட்டுவெடி வைக்கலாம் என்றார், இன்னொருவர் வேலியில் கரண்ட் கொடுக்கலாம் என்றார். இரண்டையும் கடுமையாக மறுத்துப் பேசினேன். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணி யானை வாய் சிதறி, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது. பன்றிக்கு வைத்த வெடி அது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஅள்ளி அருகே, பன்றிக்குப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டன. தாயை இழந்த இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றி நின்றன. அந்தக் கம்பியை நாளைக்கு நம் பிள்ளையும் மிதிக்கலாம்.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்

பார்வேட்டைத் திருவிழா. வரதராஜப் பெருமாள் காஞ்சியிலிருந்து பழையசீவரம் மலைக்கு எழுந்தருளினார். வழியெங்கும் மண்டகப்படி. பிறகு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் அது. சுற்றூர்ப் பெருமாள்களும் அங்கே வந்து சேர, கூட்டம் அலை மோதியது. பெயர் வேட்டைதான், ஓர் உயிரும் சாவதில்லை. காமாட்சி அம்மன் கோயிலுக்குள்ளேயே ஆதிவராகரைக் கும்பிடுகிற ஊர்க்காரர்கள் நாம். அதற்காகப் பன்றி நெல்லைத் தின்னட்டும் என்று நான் சொல்லவில்லை. கொல்ல வேண்டி வந்தால் அது பயிரைக் காப்பதற்கு மட்டும், பொறுப்புள்ளவர் கையால் நடக்க வேண்டும். அதை ஒரு சுற்றுலாவாக்குவதை என்னால் ஏற்க முடியாது.

திருமுக்கூடல் மணலில் இதையெல்லாம் மைத்துனனிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி மாமா, அப்போ என் நெல்லுக்கு யார் பதில் சொல்றது?" என்றான். சரியான கேள்வி.

ஜனவரி 20, திங்கள்

பாலக்காட்டுப் பயணத்தை விட்டுவிட்டார்கள். இன்று மைத்துனனும் நானும் மனு எழுதினோம்: சர்வே எண், பயிர், சேதமான பரப்பு, தேதியோடு எடுத்த படங்கள். ஒரு நகல் கிராம நிர்வாக அலுவலருக்கு, ஒன்று வனச்சரக அலுவலகத்துக்கு. பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு, ஆற்றுப்படுகைப் பன்றிகள் மீது நடவடிக்கை என்று இரண்டையும் கேட்டிருக்கிறோம். அவுட்டுக்காய் பேசியவரும் கையெழுத்துப் போட்டார்.

அறிவிப்பு வந்தால் மட்டும் போதாது, அறுவடைக்கு முன்னால் ஆள் வர வேண்டும். பன்றியால் பயிர் இழந்தவர்கள் வாயால் சொல்லிவிட்டு விடாதீர்கள். எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். பக்கத்து மாநிலத்தில் வேட்டைக்குத் திட்டம் போடுகிறவர்கள் தயவுசெய்து அதைக் கைவிடுங்கள்.