கறிவேப்பிலைக்கு எத்தனை லக்ஸ்?

எங்கள் அண்ணாகிராமத்தில் கறிவேப்பிலைக்கு யாரும் வெளிச்சம் தேடித் தருவதில்லை. கிணற்றடியில் தானாக முளைத்து வளர்ந்து நிற்கும். அதே செடி பாரீஸ் பக்கத்து அடுக்குமாடி வீட்டில் ஜன்னலோரம் இருந்தால் கதை வேறு.

என் மகள் வீட்டில் அப்படி ஒரு தொட்டி இருக்கிறது. பேத்தி பிறந்த சமயம் போயிருந்தபோது என் மனைவி வைத்தது. அவள் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. டிசம்பரில் மகள் போன் செய்தாள். "அப்பா, அம்மா வெச்ச செடி இலையெல்லாம் கொட்டுது. ரூம் நல்லா வெளிச்சமாத்தான் இருக்கு" என்றாள். குரல் கம்மியிருந்தது.

"கண்ணை நம்பாதேம்மா, அளந்து பாரு" என்றேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். பியர் பூகேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1729-இல் ஒளியை அளப்பது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இரண்டு வெளிச்சம் சமமா என்று கண் சொல்லும், எத்தனை மடங்கு என்று சொல்லாது என்பதை அறிந்தவர். மெழுகுவத்தியோடு ஒப்பிட்டு, முழுநிலவைவிடச் சூரியன் சுமார் 3 லட்சம் மடங்கு பிரகாசம் என்று கணக்கிட்டார்.

மகள் செல்போனில் லக்ஸ் மீட்டர் இறக்கி, இலை உயரத்தில் வைத்துப் பார்த்தாள். 600 லக்ஸ். நம் ஊர் உச்சிவெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ்! போதாததற்கு அங்கே டிசம்பர் பகல் எட்டே கால் மணி நேரம்தான்.

அடுத்து விளக்கு. வாட்ஸ் என்பது மின்சாரச் செலவு. வெளிச்சத்துக்கு லூமென் பார்க்க வேண்டும். செடிக்கென்று ஊதா விளக்கும் விற்கிறார்கள். ஆனால் லக்ஸ் மீட்டர் மனிதக் கண்ணுக்காகச் செய்தது. பச்சையை அதிகமாகவும், செடிக்கு வேண்டிய சிவப்பையும் நீலத்தையும் குறைவாகவும் காட்டும். ஊதா விளக்கை அதனால் சரியாக அளக்க முடியாது. ஆகவே 2,400 லூமென் தரும் 24 வாட்ஸ் வெள்ளை எல்இடி பேனல் வாங்கச் சொன்னேன். கூடத்தில் எரிந்தாலும் கண்ணை உறுத்தாது.

செடிக்கு 30 செ.மீ. மேலே தொங்கவிட்டபோது 8,400 லக்ஸ். தூரத்தை இரட்டித்தால் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். டைமர் போட்டு 14 மணி நேரம் எரிய விட்டோம்.

குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? முன்பு 600 லக்ஸ், 8 மணி நேரம்: 4,800. இப்போது 8,400 லக்ஸ், 14 மணி நேரம்: 1,17,600. வரவு 24 மடங்கு. செலவு நாளுக்கு மூன்றில் ஒரு யூனிட்.

ஹீட்டர் பக்கத்திலிருந்து தொட்டியை நகர்த்தி, தண்ணீரையும் குறைத்தோம். பிப்ரவரியில் துளிர் விட்டது. மகள் படம் அனுப்பினாள். ரசத்துக்குக்கூட அதில் ஓர் இலை கிள்ளவில்லையாம்.

பிள்ளைகள் குளிர் நாட்டில் இருப்பவர்கள், அக்டோபரிலேயே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இலை கொட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.