உளுவத்தலையன் கேட்ட கணக்கு

தை பிறந்து மழை ஓய்ந்ததும் சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவும் ஏறி, எங்கள் மேகமலைத் தேயிலைத் தோட்டத்துக்குத் தோல்பாவைக் கூத்துக்காரர்கள் வருவார்கள். ஒரே குடும்பம். அப்பா பாவை ஆட்டுவார், அம்மா ஆர்மோனியம், மகன் மிருதங்கம். தஞ்சையில் மராட்டியர் ஆட்சி நடந்த 1676–1855 காலத்தோடு இவர்கள் வரலாற்றைச் சேர்த்துச் சொல்வார்கள். வீட்டுக்குள் மராத்தி, திரைக்குப் பின்னால் தமிழ்.

பகலில் பாவைப் பெட்டி திறந்தால் நான் அங்கேதான் கிடப்பேன். பதப்படுத்திய ஆட்டுத்தோலில் நகைக்கும் கிரீடத்துக்கும் உளியால் பொட்டுப் பொட்டாகத் துளை போட்டிருக்கும். ராத்திரி விளக்கொளி அதன் வழியே வரும்போது வேட்டித் திரையில் ராமர் கிரீடம் மின்னும். ராமன், சூர்ப்பனகை, அனுமன் எல்லாருக்கும் குரல் அந்த ஒரே மனிதர்.

கூத்துக்காரர் பகலெல்லாம் தொழிலாளர் குடியிருப்பான லயத்துத் திண்ணையில் கடுங்காப்பி குடித்துக்கொண்டு பெண்களிடம் பேச்சுக் கொடுப்பார். அதெல்லாம் ராத்திரி கோமாளிப் பாவைகளான உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் வாயில் வரும்.

"கூடையில கொழுந்து எத்தனை கிலோடா?"

"பறிக்கையில இருவதுண்ணே. தராசுல பதினாறு."

"மிச்சம் நாலு?"

"ஈரத்துக்குக் கழிச்சாச்சாம்."

"வெயில் காஞ்ச அன்னைக்குமாடா?"

"அன்னைக்கு எங்க வேர்வைக்குக் கழிச்சாகண்ணே!"

லயமே அதிரச் சிரித்தது. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சூப்பர்வைசருக்கு முகம் சுண்டிவிட்டது. யாரைக் கோபிப்பார்? பேசியது தோல்.

தோட்டத் தொழிலாளருக்கு வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் எல்லாம் 1951-லேயே சட்டமாகிவிட்டன. எங்கள் லயத்தில் அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. சங்கக் கூட்டத்துக்குப் போகப் பயந்த என் அம்மா, கூத்துக்குப் பயப்படவில்லை. மறுநாள் தராசு மாறிவிடவில்லை; ஆனால் கூடையை வைத்த ஒவ்வொருத்தியும் முள் எங்கே நிற்கிறதென்று எட்டிப் பார்த்தாள். அதுவரை தலை குனிந்தே நின்றவர்கள் அவர்கள்.

மு. ராமசாமியும் அ.கா. பெருமாளும் இந்தக் கலையை ஆராய்ந்து நூலாக்கியிருக்கிறார்கள். நூல் மட்டும் போதாது, திரை கட்ட இடம் வேண்டும். உங்கள் ஊர்த் திருவிழாவில் இசைக்கச்சேரிக்கு ஒதுக்கும் இரவுகளில் ஒன்றை இவர்களுக்குக் கொடுங்கள். என்ன பேச வேண்டுமென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். உங்கள் தெருத் திண்ணையில் ஒரு பகல் உட்கார்ந்தால் உளுவத்தலையனே தெரிந்துகொள்வான்.