இங்கே ஆடிப்பட்டம் அக்டோபரில்

1/ "ஆடிப்பட்டம் தேடி விதை"ன்னு கேட்டு வளர்ந்தவன் நான். அபுதாபிக்கு வேலைக்கு வந்த முதல் வருஷம் அப்படியே ஜூலையில் அவரையும் தக்காளியும் விதைச்சேன். ஒண்ணும் மிஞ்சலை.

2/ செடி மட்டும் இல்லைங்க, நானும் விழுந்தேன். மதியம் நிழல்வலை கட்டும்போது தலைசுற்றல், வாந்தி, கெண்டைக்காலில் பிடிப்பு. தினமும் நோயாளிகளுக்கு எச்சரிக்கை சொல்ற டாக்டருக்கே தனக்கு வந்தப்ப புரியலை. பக்கத்து வீட்டு அண்ணன்தான் நிழலுக்கு இழுத்துப் போய், ஈரத்துணி போட்டு, ஓஆர்எஸ் கொடுத்தார்.

3/ இங்கே பட்டம் வேற. அக்டோபரில் விதைச்சா ஏப்ரல் வரை பறிக்கலாம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிக்கிட்டே இருந்தா தக்காளியில் மகரந்தம் கெட்டு, பூ உதிரும். உரம் போட்டும் பலனில்லை.

4/ மணலில் தண்ணீர் நிக்காது. மட்கிய உரம் கலந்து, மேலே காய்ந்த ஓலையை மூடாக்காகப் போடுங்க. அதிகாலையில் சொட்டுநீர் விடுங்க. இலை ஓரம் கருகினா மண்ணில் உப்பு சேர்ந்திருக்கலாம். ஒருமுறை நிறைய நீர் விட்டு அலசுங்க.

5/ அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரை தொழிலாளர்களை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. உங்க தோட்டத்துக்கும் அதே விதிதான். வெயிலில் இருந்தவருக்குப் பேச்சு குழறினா, நினைவு தப்பினா அது வெப்பத்தாக்கா இருக்கலாம். உடனே 998க்கு அழைங்க. வண்டி வர்ற வரை உடம்பில் தண்ணீர் ஊத்தி, விசிறிக்கிட்டே இருங்க.

தக்காளி அடுத்த பட்டத்தில் காய்க்கும். பறிக்க நீங்க இருக்கணும்.