எந்த வால்வு, எந்த வீட்டுக்கு?

"பாதி வேலை ஃபோன்லயே முடிஞ்சுடும் சார்" என்று மேஸ்திரி சொன்னபோது நான் நம்பவில்லை. சென்னையில் மேற்கு மாம்பலம், அசோக் நகர் பக்கம் முப்பது ஆண்டுகளாகக் குழாய் வேலை செய்கிறவர். ஐப்பசி அடைமழையில் அவரோடு சுற்றத் தொடங்கிய பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது.

அழைப்பு வந்ததும் அவர் விலாசம் கேட்பதில்லை. "நல்ல தண்ணியா, சாக்கடையா?" என்பது முதல் கேள்வி. "நிக்காம வருதா, புழங்குறப்ப மட்டும் வருதா?" என்பது அடுத்தது. நிற்காமல் கசிந்தால் டேங்கிலிருந்து இறங்கும் லைனில் கோளாறு. மேல்வீட்டார் குளிக்கும்போது மட்டும் கூரை சொட்டினால் கழிவுக் குழாயிலோ, தரைத் தண்ணீர் வடியும் நானி ட்ராப்பைச் சுற்றியுள்ள பூச்சிலோ ஓட்டை. மூன்றாவது கேள்வியில் மட்டும் அவர் குரல் மாறிவிடும். "ஸ்விட்ச் போர்டு, லைட்டு பக்கத்துல நனையுதா? அப்ப எதையும் தொடாதீங்க. மெயினை எட்டித் தொட முடியும்னா, காய்ஞ்ச இடத்துல நின்னு அமத்துங்க. மெயின்கிட்டயே தண்ணி நின்னா வெளிய வந்துடுங்க, ஈ.பி.க்குச் சொல்லுங்க." கீசர் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்தச் சொல்வார். இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகே வண்டிச் சாவியை எடுப்பார்.

அவருடைய உதவியாள் ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துக்காரர். நாட்டின் பல நகரங்களில் குழாய் வேலைக்கு ஆள் அனுப்புகிற மாவட்டம் அது. அங்கே பட்டாமுண்டையில் பிளம்பிங் கற்றுக்கொடுக்க அரசுப் பயிற்சி நிலையமே இருக்கிறது. இந்தத் தம்பி படித்தது அங்கே இல்லை, மாமாவிடம். தமிழ் தடுமாறினாலும் எல்போ, டீ, யூனியன், நிப்பிள் என்று மேஸ்திரி கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டுகிறார்.

ஒரு தரைத்தள வீட்டில் குளியலறை நானி ட்ராப் வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலேறிக்கொண்டிருந்தது. மேஸ்திரி உள்ளே போகவில்லை. தம்பியை மாடிப்படியில் ஏற்றி, "யாரும் குழாயைத் திறக்காதீங்க, ஃப்ளஷ் பண்ணாதீங்க" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வைத்தார். மேலே ஊற்றுகிற ஒவ்வொரு வாளியும் கீழ்வீட்டுக் கூடத்துக்கு வந்து சேரும் என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. அடுத்து வீட்டம்மாவிடம், "அடைப்புக்கு என்ன ஊத்துனீங்க, உண்மையைச் சொல்லுங்கம்மா" என்று கேட்டார். காலையில் ஆசிட், பிறகு ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடர். ஜன்னலைத் திறக்கச் சொன்னார், எல்லோரையும் வெளியே வரச் சொன்னார், வெகுநேரம் காத்திருந்தார். ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நெஞ்சை அடைத்துவிடும். ஊற்றிய ஆசிட் தேங்கிய தண்ணீருக்குள் அப்படியே இருக்கும், அதில் கையை விடுகிறவர் பிளம்பர். மேஸ்திரியின் வலது முழங்கைக்குக் கீழே தோல் நிறம் மாறியிருப்பது அப்படி வந்ததுதான். அடைப்புக்கு என்ன ஊற்றினோம் என்பதைக் கேட்காமலே சொல்லிவிடுவது, வருகிறவருக்கு நாம் செய்ய வேண்டிய முதல் மரியாதை என்று நினைக்கிறேன்.

வீட்டுக் கழிவுக் குழாய் போய்ச் சேரும் சேம்பரின் மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்தார்கள். சேம்பர் காய்ந்திருந்தால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே. நிரம்பியிருந்தால் அதற்கு அப்பால், தெருவை நோக்கி. இது விளிம்புவரை நிரம்பியிருந்தது. தெருவில் இருந்த மேன்ஹோலும் அப்படித்தான். மொட்டைமாடி மழைநீரைச் சாக்கடைக் குழாயில் இணைத்துவிட்ட வீடுகள் அந்தத் தெருவில் பல. பெருமழை பெய்யும்போதெல்லாம் குழாய் திணறி, தாழ்வான வீடுகளுக்குள் எதிர்த்து ஏறுகிறது. "இது நம்ம வேலை இல்ல, மெட்ரோ வாட்டருக்கு 1916 அடிங்க" என்றார் மேஸ்திரி.

வீட்டுக்காரருக்குப் பொறுமை இல்லை. தம்பியைக் காட்டி, "இறங்கிக் குத்திவிட்டா போயிடும், மேல ஆயிரம் ரூபா தரேன்" என்றார். மேஸ்திரி சேம்பர் மூடியை இழுத்துப் போட்டார். "ஆளை இறக்க மாட்டேன் சார். கேட்டதே தப்பு."

சாக்கடையில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய், நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். அதற்குப் பிறகு ஒருவர் விழ அதிக நேரம் ஆகாது. அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. உயிர் போனால் தர வேண்டிய இழப்பீட்டை 2023-இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இதெல்லாம் இருந்தும், படித்த, நல்ல வேலையில் இருக்கிற ஒருவர் ஆயிரம் ரூபாயை நீட்டி இன்னொருவரைக் குழிக்குள் போகச் சொல்கிறார் என்பது எனக்குத் தாங்கவில்லை. மேஸ்திரியோ பேச்சை வளர்க்காமல், மெட்ரோ வாட்டரின் ஜெட்டிங் வண்டி வந்து குழாய் வடியும்வரை கூடவே நின்றார். வரும் மழைக்காவது உதவட்டும் என்று, வீட்டிலிருந்து வெளியேறும் குழாயில் எதிரோட்டத்தைத் தடுக்கும் வால்வு ஒன்றைப் பொருத்தச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அடுத்தது நான்கு தள அடுக்ககம் ஒன்று. கட்டி இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் இருக்கும். முதல் மாடிக் குளியலறையில் ஆங்கிள் காக் சுவரோடு முறிந்து, தண்ணீர் எதிர்ச் சுவரில் போய் அடித்தது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு கிலோ அழுத்தும். மொட்டைமாடி டேங்கிலிருந்து முதல் மாடிவரை ஏறக்குறைய அந்த உயரம் இருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்.

மொட்டைமாடிக்கு ஓடினோம். டேங்கின் அடியிலிருந்து நான்கு ஜி.ஐ. லைன்கள், நான்கு கேட் வால்வுகள். எது எந்தப் பக்கம் இறங்குகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. செயலாளர் ஒன்றைக் காட்டினார், வாட்ச்மேன் வேறொன்றை. மேஸ்திரி ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். இரண்டு அசையவே இல்லை. மற்ற இரண்டும் சுலபமாகச் சுற்றின, ஆனால் கீழே தண்ணீர் நிற்கவில்லை. "ஸ்பிண்டில்தான் சுத்துது. உள்ள கேட்டு கழண்டு கிடக்குது." ஆண்டுக்கணக்காகத் தொடாத வால்வில் போர் தண்ணீரின் உப்பு படிந்து இறுகிவிடும். ஆபத்து நேரத்தில் பலம் கொண்டு திருகினால் அங்கேயும் முறியும். அதற்குப் பிறகு இரண்டு இடத்தில் தண்ணீர்.

அவர் ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு டேங்க் மூடியைத் திறந்தார். ஒரு கட்டையில் பழந்துணியை இறுக்கிச் சுற்றி, தோள்வரை கையை விட்டு, தொட்டிக்குள்ளிருந்தே லைன்களின் வாயில் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். மேலே நிற்கிற தண்ணீரின் பாரமே துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டது. சிறிது நேரத்தில் கீழேயிருந்து "நின்னுடுச்சு" என்று குரல் வந்தது. முறிந்து உள்ளே மாட்டியிருந்த திருகுத் துண்டை நெம்பி எடுத்து, டெஃப்லான் டேப் சுற்றிய டம்மி ஒன்றைப் போட்டு அடைத்தார் தம்பி. அந்த வேலைக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. "பத்து நிமிஷ வேலைக்கு இவ்ளோவா?" என்று பேரம் பேசுகிறவர்கள் இந்தப் பத்து நிமிஷத்தைத்தான் சொல்கிறார்கள். டேங்குக்குள் கையை விட வேண்டும் என்று தோன்றுவதற்கு ஆன முப்பது ஆண்டுகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நெருக்கடி என்று நாம் சொல்வது குழாய் உடைந்ததை. மேஸ்திரியின் கண்ணில், அந்த நான்கு வால்வுகளையும் இத்தனை ஆண்டுகள் யாரும் திருப்பிப் பார்க்காததுதான் நெருக்கடி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுக்க மூடி, முழுக்கத் திறந்தால் போதும் என்கிறார். கேட் வால்வைப் பாதி மூடி வைக்கக் கூடாது. தண்ணீர் உரசி உரசி உள்ளே இருக்கும் தகடு தேய்ந்துவிடும்.

வால்வு மாற்றுவதை அடுத்த மாதக் கூட்டத்தில் பேசலாம் என்றார் செயலாளர். "அதுவரைக்கும் அந்தத் துணி டேங்குலயே ஊறுமா சார்? அதைத்தானே குடிப்பீங்க?" என்று கேட்டார் மேஸ்திரி. அன்று மாலையே நான்கு பால் வால்வுகள் வந்தன. நெம்புகோல் குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது, இருட்டிலும் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். டேங்கைக் கழுவி நிரப்பிய பிறகு, வாட்ச்மேன் சிவப்புப் பெயின்டில் ஒவ்வொரு லைனின் மேலும் எழுதினார்: கிழக்கு பாத்ரூம், கிழக்கு சமையல், மேற்கு பாத்ரூம், மேற்கு சமையல்.

எழுதியதோடு விட மேஸ்திரிக்கு மனமில்லை. வீட்டுக்கு ஒருவர் மேலே வந்து திருப்பிப் பார்க்க வேண்டும் என்றார். பெரியவரின் பேத்தி 'கிழக்கு சமையல்' வால்வைக் குறுக்கே திருப்பிவிட்டு, கீழே ஓடினாள். "பாத்ரூம்லதான் நின்னிருக்கு, கிச்சன்ல வருது!" என்று படிக்கட்டிலிருந்தே கத்தினாள். பெயின்ட் காய்வதற்குள் வாட்ச்மேன் இரண்டையும் அழித்து, மாற்றி எழுதினார்.